மச்சான் காருக்குப் பாய்க்கயிறு

786

தேவிபட்டினம்,
17-1-1957, வியாழன்.

கொழும்பில் இருக்கும் கண்ணியமிகு மச்சான் ஹமீது சுல்தான் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை சபியாவைக் கைப்பிடித்த அகமது கபீர் சலாத்துடன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் சபியாவும் உங்கள் மருமகள் மஜீதாவும் சுகம். வெள்ளாடு குட்டி போட்டிருக்கிறது, தாயும் குட்டியும் சுகம். தோணி சுகம். நீங்கள் என்னை நம்பி விட்டுப்போன காரும் சுகம். அங்கே தங்கள் தேக சுகத்துக்கும் வியாபார பரக்கத்துக்கும் ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். எடுத்த எடுப்பிலேயே காரைப் பற்றி ஏன் எழுதுகிறான் என்று சந்தேகப்பட வேண்டாம். ஆட்டைப் பற்றியும்தான் எழுதியிருக்கிறேன்.

நிற்க. மஜீதாவின் நிக்காஹ் வருகிற வெள்ளியை விட்டு அடுத்த வெள்ளி என்று முடிவானதை முன்பே எழுதினேன். அதற்கு நீங்கள் போட்ட பதிலில் மருமகளுக்கு துஆ ஒரு வரி இருந்தது, காரைப் பற்றிய விசாரணை ஒன்றரைப் பக்கம் இருந்தது. சபியா அந்த ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறாள். வருகிறேன் என்றும் நீங்கள் எழுதவில்லை, வரவில்லை என்றும் எழுதவில்லை. அதுதான் இப்போது இந்த வீட்டில் எல்லார் நெஞ்சிலும் கிடக்கிற கல். தாய்மாமன் நிற்காத நிக்காஹ் எனக்கு வேண்டாம் என்று மஜீதா சொல்லிவிட்டாள். என்னிடம் நேரில் சொல்லவில்லை, நான் கேட்கும்படியாகக் கொல்லையில் ஆட்டிடம் சொன்னாள்.

என் பயம் வேறு. போன தடவை தனுஷ்கோடியில் கப்பல் ஏறும்போது சாவியை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தி, "கபீரு, கார்ல ஒரு சின்னக் குறை வந்தாலும் ஒன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றீர்கள். கூடப்பிறந்த காக்காவை எனக்குத் தெரியாதா, விளையாட்டுக்குச் சொன்னாக என்று சபியா சொல்கிறாள். நீங்கள் விளையாட்டுக்குச் சொல்கிற ஆளா? ஏர்வாடியில் ஒரு விருந்தில் உங்களுக்கு எலும்பை மட்டும் வைத்துவிட்டார்கள் என்று பந்தியிலிருந்து எழுந்தவர், இன்றுவரை அந்தத் தெரு வழியாகக்கூட நடப்பதில்லை. ஆகவே ஊர் வாயிலிருந்து சேதி உங்கள் காதுக்கு வருமுன் நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படவும். பாதியில் கோபப்பட்டால் விஷயம் பாதிதான் தெரியும்.

போன வாரம் கல்யாணச் சாமான் வாங்க நானும் சபியாவும் காரில் ராமநாதபுரம் போனோம். போகும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பும்போது கண்மாய்க் கரை ஏறுகிற இடத்தில் ரேடியேட்டர் புகைய ஆரம்பித்தது. இந்தச் சீமையில் மேடு என்று ஒன்று உண்டானால் அது கண்மாய்க் கரைதான், பார்த்துப் பார்த்து அங்கேதான் அதற்குப் புகையத் தோன்றியது. தண்ணீர் எடுக்க இறங்க வேண்டும், வண்டியோ சரிவில் நிற்கிறது, ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். மச்சான், இது வாலிப காலம் முழுக்க நங்கூரக் கயிறு இழுத்த கை. கார்ப் பிடியை இழுக்க ரெண்டு விரல் போதும் என்று இதற்குத் தெரியாது. இழுத்த இழுப்பில் அடியில் டங் என்று ஒரு சத்தம் கேட்டது. நன்றாகப் பிடித்துக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்துத் தகரக் குவளையோடு இறங்கிப் போய்விட்டேன். குனிந்து தண்ணீர் மொண்டுகொண்டிருக்கிறேன், பின்னாலிருந்து உங்கள் தங்கையின் குரல் வருகிறது. கத்தவில்லை, விலை விசாரிப்பதுபோலக் கேட்கிறாள்: "மஜீதா வாப்பா, இந்தப் பனமரமெல்லாம் ஏன் முன்னால போகுது?" திரும்பிப் பார்த்தால் பனைமரம் அங்கனயேதான் நிற்கிறது, சபியாதான் பின்னால் போய்க்கொண்டிருக்கிறாள். புதுச் சட்டி பானைகளுக்கு நடுவில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ராணி மாதிரி போகிறாள். நான் குவளையோடு ஓடினேன். ஓடி என்ன செய்ய, காரே போய்க் கருவேல மரத்தில் சாய்ந்து நின்றுகொண்டது. சபியாவுக்கு ஒன்றுமில்லை. ஒரு பானை போனது. காருக்குக் கீறல் இல்லை. பின்பக்கம் ஒரு கோடு இருக்கிறது, அதைக் கீறல் என்று சொல்ல முடியாது, முள் தடவியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, ஹேண்ட்பிரேக் பிடியிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற கம்பி வடம் நடுவில் அறுந்து கிடக்கிறது. பிடி மட்டும் மேலே ஆட்டுக்குட்டி வால் மாதிரி ஆடுகிறது. கால் பிரேக் தங்கம். ஆனால் காலை எடுத்தால் அப்புறம் கார் அதன் இஷ்டம்.

காலை எடுக்காமல் இருந்து தொலையேன் என்று நீங்கள் கேட்பீர்கள். எப்படி இருக்க முடியும்? நம் தெரு வழக்கம் உங்களுக்கு மறந்திருக்காது. மாப்பிள்ளை ஊர்வலம் சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றின் முன்னாலும் நிற்கும். மாப்பிள்ளை இறங்க மாட்டார், ஓட்டிவந்தவர் இறங்கி அந்த வீட்டுச் சர்பத்தைக் குடித்தே தீர வேண்டும். குடிக்காமல் போனால் வீட்டுக்காரர் மவுத்தாகும்வரை சொல்லிக் காட்டுவார். அதோடு, புதுத் தோணியைக் கடலில் தள்ளும்போது அது ஒரு சாண்கூடப் பின்வாங்கக்கூடாது என்று பார்க்கிறோம் இல்லையா, அதே மாதிரி மாப்பிள்ளை ஏறிய வண்டியும் பின்னால் போகக்கூடாது. போனால் ஊர்வலத்தை மறுபடி முதல் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். சம்மந்தி வாவு முகம்மது மரைக்காயர் இதில் ரொம்பக் கண்டிப்பு. அவர் மாப்பிள்ளையாக வந்தபோது குதிரை பின்னால் நகர்ந்து, திரும்பத் தொடங்கி, திரும்பவும் நகர்ந்து, குதிரை பிடித்தவர் சர்பத் குடித்தே படுத்துவிட்டாராம். இப்போது தம் மகன் உங்கள் காரில்தான் வரவேண்டும், அது பின்னால் போகவும் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது நம் தோணித் தண்டல் மூக்கையா வந்தான். உங்களுக்குத்தான் தெரியுமே, தோணிக்குத் தலைவனாகத் தண்டல் வேலை பார்த்துப் பார்த்து அவனுக்கு உலகத்தில் உள்ளதெல்லாம் தோணிதான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நிக்கலைன்னா நங்கூரத்தப் போடுங்க மொதலாளி. இதுக்குப் போயி ஒக்காந்து யோசிச்சுக்கிட்டு" என்றான். உங்கள் காரில் இப்படிச் செய்யலாமா என்று நான் ரொம்பத் தயங்கினேன் என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். தயங்கிவிட்டுச் சின்ன நங்கூரம் ஒன்றை எடுத்துவரச் சொன்னேன். பஜார் டீக்கடை முன்னால் கார் போய் நின்றது, பின்சீட்டிலிருந்து மூக்கையா நங்கூரத்தை வெளியே வீசி, "போட்டாச்சு" என்று கடைசி வீடு வரைக்கும் கேட்கக் குரல் கொடுத்தான். கார் அசையவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. டீ குடித்துவிட்டு ஏறி வண்டியை எடுத்தேன். நங்கூரத்தை எடுத்தாயா என்று நான் கேட்கவில்லை, எடுக்கவேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை. பிறகு கேட்டதற்கு, "நங்கூரம் போடச் சொல்றதுதான் தண்டல் வேல. தூக்குறதுக்கு வேற ஆளுதான வப்பாக" என்கிறான். டீக்கடை பெஞ்சு நங்கூரத்தில் மாட்டிக்கொண்டு தபாலாபீஸ் வரைக்கும் வந்தது. அதில் உட்கார்ந்திருந்த ரெண்டு பேரும் இறங்காமல் கிளாஸைக் கையில் பிடித்தபடி கூடவே வந்தார்கள். வீடு அந்தப் பக்கம்தானாம்.

அதற்குப் பிறகு முறையாக மெக்கானிக்கை வரவழைத்தேன். உச்சிப்புளி பொன்னுச்சாமி, யுத்த காலத்தில் பட்டாளத்து லாரி கழற்றி மாட்டியவர். அவர் எதைச் சொன்னாலும் பர்மாவிலிருந்துதான் தொடங்குவார். காரைச் சுற்றி வந்து, "பர்மாவுல இருக்கும்போது இதவிட மோசமான வண்டியெல்லாம் பாத்தாச்சு மொதலாளி" என்று சொல்லிவிட்டு அடியில் போய்ப் படுத்தார். வெகுநேரம் சத்தமே இல்லை. நுணுக்கமான வேலை நடக்கிறது, யாரும் பேசாதீர்கள் என்று நான் தெருவில் போகிறவர்களையெல்லாம் கையமர்த்திக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து குறட்டை வந்தது. சபியா மீன் குழம்பைத் தாளித்த பிறகுதான் எழுந்தார். சாப்பிட்டுவிட்டு, இந்த மாடலுக்கு வடம் மதுரையில் கிடைக்காது, மெட்ராஸுக்கு எழுதிப் போட்டு வரவழைக்க ஒரு மாதம் ஆகும் என்றார். நிக்காஹ் முடிந்து பிள்ளை மறுவீடே போய் வந்திருக்கும்.

அப்போது மூக்கையா ஒரு சுருள் கயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். தோணியில் பாய் ஏற்றுகிற சணல் கயிறு, புதுசு. அறுந்த கம்பிக்குப் பதில் இதை முடைந்து கட்டிவிடலாம் என்றான். பொன்னுச்சாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "கம்பி இருந்த எடத்துல கயிறா? காரா மாட்டுவண்டியா?" என்றார். "காத்துல கப்பல் பாயையே இழுத்துப் பிடிக்கிற கயிறு, இந்தத் தகர டப்பாவப் பிடிக்காதா?" என்றான் மூக்கையா. தகர டப்பா என்பது மூக்கையாவின் வார்த்தை, என் வார்த்தை அல்ல. எனக்கு வேறு வழி தெரியவில்லை. கட்டு என்று சொல்லிவிட்டேன். பொன்னுச்சாமியும் கோபத்தோடு கூட இருந்து, பிடியில் ஒரு முனையையும் சக்கரத்துக்குப் போகிற தண்டில் மறு முனையையும் மாட்டிக் கொடுத்தார். ரெண்டு விரலால் இழுத்துப் பார்த்தேன். தெருவே சேர்ந்து தள்ளியும் கார் நகரவில்லை. மஜீதா ஜன்னலில் நின்று சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாச்சு தெரியுமா மச்சான், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதிலே ஒரு சங்கதியை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. கடலில் எந்நேரமும் நனைந்தே கிடக்கிற கயிற்றைத்தான் எங்களுக்குத் தெரியும். சணல் கயிறு நனைந்தால் இறுகும், காய்ந்தால் தளரும். இது தைமாதம். ராத்திரி பனியில் கயிறு இறுகிக் காலையில் பிடியை விட்டாலும் கார் நகராது. மூக்கையா அடியில் போய் முடிச்சைத் தளர்த்திவிட வேண்டும். வெயில் ஏறினால் தளர்ந்து, பிடியை இழுத்தாலும் கார் நிற்காது. மூக்கையா அடியில் போய் முடிச்சை இறுக்கிக் கட்ட வேண்டும். பார்த்தீர்களா மச்சான், வெயிலுக்கு ஒரு பிரேக், பனிக்கு ஒரு பிரேக் என்று உங்கள் கார் ஆகிவிட்டது. ஆனால் இந்தக் கணக்கு எங்களுக்குப் பிடிபட்டதே சம்மந்தி வந்துபோன பிறகுதான்.

முந்தாநாள் காலையில் வாவு முகம்மது மரைக்காயர் வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, அத்தர் வாசனையோடு வந்து இறங்கினார். "கார் சரிவுல நிக்கிதான்னு நான் பாக்கணும் சம்மந்தி" என்றார். கண்மாய்க் கரையின் பெயரை நான் எடுப்பேனா? கடலுக்குள் நிற்கிற நவபாஷாணக் கற்களைக் கும்பிடப் போகிற யாத்ரீகர்கள் இறங்குகிற கடற்கரைச் சரிவுக்கு, நகர மறுத்து முனகிய காரை ஒருவழியாக ஓட்டிப்போய், கடலைப் பார்த்து நிறுத்தி, பிடியை இழுத்தேன். பனி காயாத நேரம், கயிறு இறுகியிருந்தது. கார் பாறையாட்டம் நின்றது. சம்மந்திக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. காற்று நன்றாக இருக்கிறது, நான் கொஞ்ச நேரம் உள்ளேயே இருக்கிறேன், நீங்கள் போய் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்றார். நானும் மூக்கையாவும் போனோம். வெயில் ஏறியது. சம்மந்திக்குக் கண் அசந்தது. அடியில் கயிறும் அசந்தது.

நாங்கள் திரும்பி வரும்போது கார் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருக்கிறது. அவசரமே இல்லாமல் போகிறது. குளித்துக்கொண்டிருந்த யாத்ரீகர்கள், யாரோ பெரிய மனுஷர் காரோடு தீர்த்தமாட வருகிறார் என்று கும்பிட்டு வழிவிடுகிறார்கள். நம் சம்மந்தி பின்சீட்டில் சாய்ந்து தூங்குகிறார். மஜீதா முகம்தான் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. போச்சு, நிக்காஹ் போச்சு, பிள்ளை வாழ்க்கை போச்சு என்று மணலில் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் தண்ணீருக்குப் போனதும் கார் தானாக நின்றுவிட்டது. தண்ணீர் பட்டுக் கயிறு இறுகியதால் நின்றது என்று மூக்கையா சொல்கிறான். சேற்றில் சக்கரம் புதைந்ததால் நின்றது என்று பொன்னுச்சாமி பிறகு கேள்விப்பட்டுச் சொல்லியனுப்பினார். ரெண்டு பேருக்கும் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

சம்மந்தி கண்ணைத் திறந்து நாலு பக்கமும் கடலைப் பார்த்தார். எழுபது வயசிலும் கடலோடி அல்லவா, பதறவில்லை. "எந்த ஊர் வந்திருக்கு?" என்று கேட்டார். மூக்கையா தேவிபட்டினம்தான் என்று சொன்னான். பிறகு வலைக்காரர்கள் எல்லாம் சேர்ந்து காரைப் பின்னாலிருந்து இழுக்கக் கயிறு மாட்டினால், சம்மந்தி கையை நீட்டித் தடுத்துவிட்டார். "நான் மாப்பிள்ளையோட வாப்பா. நான் ஏறுன வண்டியும் பின்னால போகக்கூடாது" என்றார். இறங்கவும் மாட்டார், வேட்டி நனையும். அதனால் உங்கள் காரைக் கடலுக்குள்ளேயே தூக்கித் தூக்கித் திருப்பி, முகத்தைக் கரைப் பக்கம் வைத்து, அடியில் உருட்டுக்கட்டை போட்டு, தோணி இழுக்கிற பாட்டைப் பாடிக்கொண்டு கரையேற்றினோம். சம்மந்தி உள்ளேயிருந்து தாளம் போட்டார்.

வீட்டுக்கு வந்து சுலைமானி டீ குடித்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார். "முன்னாலதான போச்சு சம்மந்தி, பின்னால போகலையே. எனக்குக் குறையில்ல. ஆனா ஹமீது சுல்தான் வந்து நிக்கணும். மாமன் வந்து நின்னா இந்தக் கடல் சமாச்சாரத்த நான் வாயத் தெறக்க மாட்டேன். வரலைன்னா நானே கொழும்புக்குக் கப்பலேறிப் போயி அவர்கிட்டச் சொல்லுவேன்."

ஆகவே மச்சான், கார் இப்போது ரொம்ப நல்லபடி இருக்கிறது. ஊருணித் தண்ணீர் விட்டு உப்புப் போகக் கழுவியாகிவிட்டது. ஊர்வலத்துக்கு ஒரு ஏற்பாடும் செய்திருக்கிறோம். மூக்கையா கூஜாவோடு கூட நடந்து வருவான். வீட்டுக்கு வீடு சர்பத் எனக்கு, தண்ணீர் கயிற்றுக்கு. ஆனால் இதெல்லாம் இருக்கட்டும். மஜீதா உங்கள் தோளில் ஏறிக்கொண்டு கடல் பார்த்த பிள்ளை. காருக்காக நீங்கள் என்னைத் திட்டுங்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், என்னோடு பேசாமலே இருங்கள், எல்லாவற்றையும் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து செய்யுங்கள். நீங்கள் வராமல் போனால் சபியா அழுவாள், அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

தங்கள் வரவை எதிர்பார்த்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அல்லாஹ் உங்கள் கப்பலுக்கு நல்ல காற்றும், உங்கள் மனசுக்குக் கொஞ்சம் பொறுமையும் தருவானாக. ஆமீன். சபியாவும் மஜீதாவும் சலாம் சொல்லச் சொன்னார்கள். மூக்கையாவும் சொன்னான், அவனுடைய சலாத்தை ஏற்பதும் ஏற்காததும் தங்கள் இஷ்டம்.

இப்படிக்கு, தங்கள் காருக்குக் காவலும் தங்கள் தங்கைக்குக் கணவனுமான
அகமது கபீர்.

பின்குறிப்பு: மேலே போட்ட கையெழுத்தில் மை காயவில்லை, வாசலில் குதிரைவண்டி வந்து நின்றது. இறங்கியது நீங்கள். சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறி, போட் மெயில் ரயிலில் வந்திருக்கிறீர்கள். கையில் மஜீதாவுக்குப் பட்டுப்புடவை, தோளில் வளையமாகச் சுற்றிய ஒரு கம்பி வடம். வந்ததும் வராததுமாக என்ன சொன்னீர்கள்? "கபீரு, நான் கப்பலேறும்போதே அந்த ஹேண்ட்பிரேக் வடம் நைஞ்சு போயிருந்துச்சு. ஒங்கிட்டச் சொல்ல மறந்துட்டேன். சபியாவ வச்சுக்கிட்டு மேட்டுல கீட்டுல நிறுத்தி ஏதாச்சும் ஆயிருமோன்னு எனக்கு அங்கன தூக்கமே இல்ல. அதான் கடுதாசில அம்புட்டு விசாரிச்சேன். தொந்தரவு ஏதும் குடுத்துச்சா?" சபியா என்னைப் பார்த்தாள். மஜீதா என்னைப் பார்த்தாள். மூக்கையா தூணைப் பார்த்தான். நான், "ஒரு தொந்தரவும் இல்ல மச்சான்" என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் இப்போது சாப்பிட்டுவிட்டு என் வீட்டுக் கூடத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். மஜீதா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் எழுவதற்குள் அந்தக் கயிறு வெளியே வர வேண்டும், மூக்கையா அடியில் கிடக்கிறான், நேரம் பார்த்துத் தூறல் போட்டு முடிச்சு இறுகிக்கிடக்கிறது. ஆகையால் இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுப்பதற்கில்லை. இத்தனை பாடுபட்டு எழுதியதைக் கிழிக்கவும் மனசு வரவில்லை. இன்றைத் தபாலிலேயே கொழும்பு விலாசத்துக்குப் போட்டுவிடுகிறேன். நிக்காஹ் முடிந்து, பிரியாணி சாப்பிட்டு, மருமகளுக்கு துஆ செய்துவிட்டு நீங்கள் அங்கே திரும்பிப் போகும்போது இது உங்களுக்காகக் காத்திருக்கும். என் வாசற்படியை மிதித்தது மிதித்ததுதான் மச்சான், அதை அங்கேயிருந்து திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.